மகள் வேஷம்

முப்பது வயது தாண்டியதும் எங்கள் நாடகக் குழுவில் எனக்கு அம்மா வேஷத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு மகனாக நடித்தவர் ஒரு பாங்க் அதிகாரி. என்னைவிட எப்படியும் பதினைந்து வயது பெரியவர். அவர் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வருவார், என் தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டுவார்கள். "அம்மா, எனக்கு வேலை கிடைச்சிடுச்சும்மா!" என்று அவர் மூச்சு வாங்க ஓடிவந்து என் காலில் விழும்போதெல்லாம், எழுந்திருக்க நான்தான் கை கொடுக்க வேண்டும். குரோம்பேட்டை, நங்கநல்லூர், மாம்பலம் என்று சபா சபாவாகப் போய் அழுதேன். என் அழுகைக்குக் கைதட்டல் உண்டு. ஆனால் நாடகம் சோறு போடாது. அதற்குக் கோடம்பாக்கத்தில் டப்பிங் இருந்தது. இந்திப் படங்கள் தமிழுக்கு வரும்போது மாமியார்களுக்கும் நர்ஸுகளுக்கும் குரல் கொடுப்பேன்.

இந்தி எனக்குப் பரீட்சை எழுதி வந்ததில்லை. அப்பாவுக்கு ரயில்வே வேலை. என் பள்ளிக்கூடக் காலம் முழுக்க நாக்பூர்ப் பக்கம் ரயில்வே காலனியில் கழிந்தது. அம்மா அங்கேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அப்பா ரிடையர் ஆனதும் இரும்புலியூரில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். ரயில் சத்தம் கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

எண்பதுகளின் கடைசியில், எழுத்தறிவைப் பற்றித் தெருநாடகம் போடச் சொல்லி எங்கள் குழுவை ஓர் ஊருக்கு அழைத்தார்கள். பெருங்களத்தூரில் இறங்கி, உள்ளே ஏரிக்கரையோடு வெகுதூரம் நடந்தால் வரும் காலனி அது. கல்குவாரியில் கல் உடைப்பவர்கள் குடியிருந்தார்கள். நாங்கள் பாடினோம், ஆடினோம், 'படித்தால் விடியும்' என்று கோஷம் போட்டோம். முடிந்ததும் முன்வரிசையில் குந்தியிருந்த ஒரு பெண் எழுந்து, "ஆட்டம் ஷோக்கா கீது. எழுத்து எப்போ கத்துத் தரப் போறீங்கோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எங்கள் நாடகத்தில் இல்லை. குழுவில் எல்லோரும் எங்கள் வேனைப் பார்த்தார்கள். பாங்க் அதிகாரி, "அதுக்கு வேற ஆள் வருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சனிக்கிழமை நான் தனியாகக் கிளம்பிப் போனேன். கோபத்தில் ஆரம்பித்த காரியம்தான். சேவை, தொண்டு என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அம்மன் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் வகுப்பு. குவாரி வேலை முடிந்து, முகம் கழுவியும் போகாத கல்தூள் புருவத்தில் நிற்க, வந்து உட்காருவார்கள். முதலில் தமிழ் எழுத்து. அப்புறம் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் உதவுகிற அளவு இங்கிலீஷ். பிறகு பெண்கள் இந்தி கேட்டார்கள். காலனியில் பாதிப் பேர் தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் கேம்ப் குவார்ட்டர்ஸில் வீட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே வடக்கத்திக் குடும்பங்கள்தான் அதிகம். அந்த அம்மாக்கள் சொல்வது இவர்களுக்குப் புரியாது, இவர்கள் சொல்வது அவர்களுக்குப் புரியாது. உடையாத பாத்திரத்துக்கும் இவர்கள் திட்டு வாங்கினார்கள்.

அப்பா சிரித்தார். "ஸ்டேஷன் போர்டுல இந்திக்குத் தார் பூசுற ஊருல நீ இந்தி டீச்சரா? அடுத்த தார் டப்பா நம்ம வாசலுக்குத்தான்."

எனக்கு வாத்தியார் வேலை தெரியாது. ஒத்திகை நடத்தத் தெரியும். அதனால் அதையே செய்தேன். துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நான் வடக்கத்தி வீட்டம்மா ஆகிவிடுவேன். ஒருத்தி வேலைக்கு வருவாள். நான் கத்துவேன், அவள் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் வீட்டம்மா வேஷத்தின் மேல்தான் ஆசை வந்தது. துப்பட்டாவுக்குச் சண்டை நடக்கும். கிடைத்தவள் இடுப்பில் கை வைத்து இந்தியில் ஏசுகிற அழகைப் பார்த்தால், அவள் அந்த வீட்டில் எவ்வளவு ஏச்சு வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

இந்தச் சிரிப்பில் சேராதவள் ஒருத்தி இருந்தாள். காலனியின் கடைசி வீட்டுக்காரி. நாற்பது வயது இருக்கலாம், பார்த்தால் அதிகம் சொல்லத் தோன்றும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். கொட்டகையின் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மற்றவர்கள் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"எனக்குத் தனியா கத்துத் தரியா டீச்சரம்மா?" என்றாள்.

"என்னக்கா வேணும்?"

"எம் பொண்ணு வடக்க கீறா."

அவள் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் அவளும் குவார்ட்டர்ஸில் ஒரு வடக்கத்தி அதிகாரி வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போவாள். அந்த வீட்டுக் கைக்குழந்தை இவள் மகளிடம் ஒட்டிக்கொண்டது. அவள் ஊட்டினால்தான் சாப்பிடும். அதிகாரிக்கு மாற்றல் வந்தது. அதே நேரத்தில் குவாரியில் கல் சரிந்து, இவள் புருஷன் இடுப்பு உடைந்து படுத்துவிட்டான். வீட்டில் அடுப்பு எரியவில்லை. "ஒரு வருஷம் எங்களோடு இருக்கட்டும், குழந்தை பழகுகிற வரைக்கும். பள்ளிக்கூடம் அனுப்புகிறோம், அடுத்த கோடையில் கொண்டுவந்து விடுகிறோம்" என்றார்கள். அனுப்பினாள். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் ஏற்றிவிட்டாள். அடுத்த கோடையில் அவர்கள் வரவில்லை. குவார்ட்டர்ஸுக்கு நடந்து போய்க் கேட்டாள். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை, அல்லது அவள் கேட்டது யாருக்கும் புரியவில்லை. புருஷனும் அந்த வருஷமே போய்விட்டான்.

இப்போது ஒரு தகவல் கிடைத்திருந்தது. குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பம், வடக்கில் அந்த அதிகாரியின் பக்கத்து வீட்டில் இருந்ததாம். பெண் அந்த அதிகாரி வீட்டிலேயேதான் வளர்கிறாள். நன்றாக இருக்கிறாள். அவர்கள் என்றைக்காவது ராமேஸ்வரம் யாத்திரை வருவார்கள், வரும்போது இந்தப் பக்கம் கூட்டி வருவார்கள். ஒன்று மட்டும், பெண்ணுக்குத் தமிழ் அடியோடு மறந்துவிட்டது.

"அவ வந்தா என்னக் கேப்பா, ஏன் என்ன அனுப்பிச்சேன்னு. நானா இருந்தா கேப்பேன். அதுக்கு அவ பாஷைல பதில் சொல்லணும். அத்தொண்ணு மட்டும் கத்துக் குடு. வேற இந்தி எனக்கு வாணாம்."

"மொழி என்ன மளிகைக் கடையாக்கா, ஒரே ஒரு பொட்டலம் கட்டித் தர? நாலு வார்த்தை கூடக் கத்துக்கிட்டா அவ பேசறதும் புரியும்."

"அவ பேசறது புரிலன்னா நீ சொல்லு. நான் பேசறது மட்டும் நானே பேசணும்."

அவளை அசைக்க முடியவில்லை. கல் உடைக்கிறவளிடம் பிடிவாதத்தில் ஜெயிக்க முடியுமா? சரி என்றேன்.

முதலில் அவளைத் தமிழில் சொல்ல வைத்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "உன்ன நான் விக்கல. ஒரு வருஷம்னு சொன்னாங்கோ. உங்கப்பன் படுக்கைல கெடந்தான். நீ பசில மண்ணைத் துன்னுகினு இருந்தே. அங்க போனா மூணு வேள துன்னுவே, இஸ்கூல் போவேன்னு நெனச்சேன். ரயில்ல நீ அழுதே. நான் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா வுட்டிருக்க மாட்டேன்." இதை நான் இந்தியில் மாற்றினேன். புத்தக வார்த்தை எதையும் போடவில்லை. குவார்ட்டர்ஸ் வீடுகளில் புழங்குகிற, அந்தப் பெண் கேட்டு வளர்ந்திருக்கக்கூடிய இந்தியையே போட்டேன். அப்புறம் ஒத்திகை தொடங்கியது. அவள் தாய், நான் மகள்.

எத்தனை வருஷம் கழித்து எனக்கு மகள் வேஷம்! பவுடர் கிடையாது, தடி கிடையாது. பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மா, முஜே க்யோன் பேஜா?" என்று கேட்டேன். அம்மா, என்னை ஏன் அனுப்பினே? அவ்வளவுதான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். அன்றைக்கு ஒரு சொல்லும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் நடக்கவில்லை. 'பேட்டீ' என்று மகளைக் கூப்பிடுகிற இடத்திலேயே நின்றுவிடுவாள். நம்மூரில் பேட்டி என்றால் பத்திரிகைக்காரர்கள் எடுப்பது என்று வேடிக்கை சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள், சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது.

அழுதால் வார்த்தை மூழ்கிவிடும். மேடையில் முதலில் சொல்லித் தருவதே அதுதான். கண்ணில் தண்ணீர் நிற்கலாம், தொண்டைக்கு இறங்கக்கூடாது. அழ வேண்டியது எதிரில் இருப்பவர்கள், நாமல்ல. எங்கள் டைரக்டர் இதை எனக்குத் திட்டித் திட்டிக் கற்றுத் தந்தார். அதை நான் அவளுக்குத் திட்டாமல் கற்றுத் தந்தேன்.

"அக்கா, உனக்கு அவளோட கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அழுதுட்டே இருந்தா அந்த நேரம் போயிடும். சொல்ல வேண்டியது உள்ளேயே நின்னுடும். அழறதை அப்புறம் வெச்சுக்கலாம்."

"அத்த அடக்கறது எப்டி?"

"நாக்கை மேலண்ணத்துல ஒட்டி அழுத்திக்கோ. மூச்சை வயித்துல பிடி."

பயிற்சி செய்தாள். கல் உடைக்கும்போதும் செய்தாளாம். பக்கத்தில் இருந்தவர்கள், கிழவிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்களாம். பெற்ற மனம் பித்து என்பது பழமொழிதான், ஆனால் அவள் பித்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தைகள் வரிசையில் நின்றன. வருஷம் ஒன்று போனது. இரண்டாவது வருஷத்தில் 'திரும்பிப் பார்க்கவில்லை' என்ற இடத்தில் ஓர் இடைவெளி விடச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மூச்சு விட்டு, பிறகு கடைசி வாக்கியம். அவள் விட்ட அந்த இடைவெளியைக் கேட்டு எனக்கே உடம்பு சிலிர்த்தது. எங்கள் குழுவில் எந்த நடிகைக்கும் அது வராது. பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. வகுப்பில் அவளை அக்கா என்பேன், ஒத்திகையில் மா என்பேன். கொஞ்ச நாளில் அக்கா குறைந்துபோனது. நான் வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்ததும் அவள் முந்தானையால் என் கழுத்தைத் துடைப்பாள். அவித்த வேர்க்கடலையை மடியில் இருந்து எடுத்துத் தருவாள். அதற்கு வசனம் எதுவும் எழுதவில்லை. என் அம்மா போன பிறகு, மேடைக்கு வெளியே நான் யாரையும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். அவளுக்கு ஒத்திகை, எனக்கு வேறென்னவோ. அந்தப் பெண் வர வேண்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். வராவிட்டாலும் பரவாயில்லை என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னதும் உண்மை.

வந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம், பொங்கலுக்கு முந்தின வாரம். முந்தின நாளே குவார்ட்டர்ஸில் இருந்து ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அந்தக் குடும்பம் ராமேஸ்வரம் போகிற வழியில் குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கிறது, சாயங்காலம் தாம்பரத்தில் ரயில், மதியத்துக்கு மேல் பெண்ணைக் காரில் அனுப்புவார்கள். பெண்ணின் அம்மா எனக்கு ஆள் அனுப்பி, "நீ கூட இரு டீச்சரம்மா, உன்ன வுட்டா யாரு கீறா" என்றாள். அன்றைய டப்பிங்கை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டுப் போனேன்.

வீட்டை மெழுகியிருந்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சின்ன வயதில் மகள் சட்டியை வழித்து நக்குவாளாம். பெட்டிக்கடையில் ஒரு கலர் சோடா பாட்டில் வாங்கி, தண்ணீர்ப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். ஆனால் கார் வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம், பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோடு அடைத்துக்கொண்டு நின்றது. வாசலுக்கும் உள்ளுக்குமாக அவள் நடந்துகொண்டே இருந்தாள். உதடு முணுமுணுத்தது. வசனம் மறந்துவிடுமோ என்று பயம்.

கார் வந்து நின்றபோது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. ரயிலுக்குக் கிளம்ப அரை மணிதான் இருக்கிறது என்று டிரைவர் முதலிலேயே சொல்லிவிட்டான்.

பெண் இறங்கினாள். நல்ல உயரம். வெளிர்ப் பச்சையில் சல்வார். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. காலனியே கூடி நின்று, "அப்டியே உரிச்சி வெச்ச மாதிரி கீறா" என்றது. அவள் யாரிடமும் கேட்காமல் நேராக வந்து அம்மாவின் காலைத் தொட்டாள். வடக்கே பெரியவர்களைக் கண்டால் அப்படித்தான் செய்வார்கள். இவளுக்கு அது தெரியாது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். பெண்ணின் கை தரையில் நின்றது.

நான் என்னை யாரென்று சொல்லி, இரண்டு பேரையும் உள்ளே உட்கார வைத்தேன். பெண் பாயில் உட்கார்ந்து துப்பட்டாவால் மூக்கை லேசாக மூடிக்கொண்டாள். குழம்பு வாசனை. தான் வளர்ந்த வீட்டில் யாரும் மீன் தொடுவதில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள், மன்னிப்புக் கேட்கிற குரலில். நல்ல பெண்தான். கலரைக் கொடுத்தோம், பாதி குடித்தாள். அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், மாப்பிள்ளை அங்கேயே டிரைவர் வேலையில் இருக்கிறான் என்று சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டினாள். பெண் சுவரைப் பார்த்தாள், மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா காத்திருந்தாள். பெண் கேட்பாள், கேட்டதும் சொல்லலாம் என்று இரண்டு வருஷமாகப் பழகியிருந்தாள். பெண் கேட்கவில்லை.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், மேடையில் வசனம் வராமல் நிற்கிறவர்களின் பார்வை. "உங்க அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று இந்தியில் பெண்ணிடம் சொன்னேன். அம்மா வாயைத் திறந்தாள், ஆனால் முகம் என் பக்கமே இருந்தது. பழக்கம். நான் எழுந்து பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன், என்னைப் பார்த்தால் அவளைப் பார்த்த மாதிரி இருக்குமே என்று.

சொன்னாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. உன்னை விற்கவில்லை. ஒரு வருஷம் என்றார்கள். அப்பா படுக்கை. பசி. பள்ளிக்கூடம். ரயில். 'திரும்பிப் பார்க்கவில்லை' என்றாள். அந்த இடைவெளியை விட்டாள். பிறகு கடைசி வாக்கியம். குரல் தெளிவாக இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவள் கண்கள் மகளின் தலைக்கு மேலே, என் முகத்தில்தான் இருந்தன.

நான் அழுதுகொண்டிருந்தேன். பெண் அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா சொன்னாங்க. நீங்க எழுதிக் கொடுத்ததா?" என்று இந்தியில் கேட்டாள்.

"இல்லம்மா. பாஷை மட்டும்தான் என்னோடது. சொன்னதெல்லாம் அவங்களோடது. இதுக்காக ரெண்டு வருஷமா..."

"நீங்க நாடகத்துல நடிக்கிறவங்கன்னு மேம் சாப் சொன்னாங்க." தன்னை வளர்த்த வீட்டம்மாவைத்தான் அப்படிச் சொன்னாள். அவள் குரலில் குத்தல் இல்லை. களைப்புதான் இருந்தது. "நான் வேற எதையும் எதிர்பார்த்து வரலை. என்னைப் பார்த்தா அவங்களுக்கு அழுகை வருதான்னு பார்க்கணும்னு இருந்தது. அவ்வளவுதான். வரலை."

அவளுக்கு என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. அழக்கூடாது என்று நான்தான் பழக்கினேன் என்று சொன்னேன். நாக்கு, மேலண்ணம், மூச்சு என்று ஏதேதோ சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் நாடகமாகத்தான் ஆயிற்று. பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். ஹாரன் மறுபடியும் அடித்தது.

"இன்னா சொல்லுது?" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். அவளுக்குத் தன் வசனத்தைத் தவிர வேறு இந்தி தெரியாது. "புரிஞ்சிச்சாமா அதுக்கு? நான் தப்பாச் சொல்லிட்டனா?"

"தப்பே இல்லை. நீ நல்லா சொன்னேன்னு சொல்றா" என்றேன். அது பொய்யில்லை. அதுதான் கொடுமை.

அவள் முகம் மலர்ந்தது. மகளின் கன்னத்தை ஒருமுறை தொட்டுத் தன் விரலை முத்தமிட்டுக்கொண்டாள். பெண் எழுந்து, இந்த முறை காலைத் தொடாமல் கைகூப்பிவிட்டு, காரில் ஏறிக்கொண்டாள். கார் ஏரிக்கரை மேல் ஏறித் தூசிக்குள் மறைகிற வரைக்கும் அம்மா நின்றாள். மறைந்ததும் அப்படியே தெருவில் உட்கார்ந்தாள். வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அவள் அழுததுபோல் ஓர் அழுகையை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. காலனிப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். "நல்லபடியா பேசிட்டு அளுவுறியே" என்று ஒருத்தி கேட்டாள். "இனிமே அளுவலாம்னு டீச்சரம்மா சொல்லிச்சி" என்றாள் அவள்.

அந்த அழுகையை எந்த ஊர்க்காரியும் புரிந்துகொண்டிருப்பாள். எனக்கு அந்தக் காரின் பின்னால் ஓட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை. ஓடிப்போய்ச் சொல்லியிருந்தாலும் என்னை யார் நம்பப் போகிறார்கள்? அம்மா வேஷம் கட்டுகிறவள் சொல்கிற சாட்சி.

அதன் பிறகு சில வாரம் என்னால் காலனிப் பக்கம் போக முடியவில்லை. நாடகத்திலும் அழ முடியவில்லை. பாங்க் அதிகாரி காலில் விழுவார், நான் உலர்ந்த கண்ணோடு நிற்பேன். டைரக்டர், "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்பார். கைதட்டல் நின்றுபோனது. அப்பா எதையும் கேட்காமல் காபி போட்டுத் தந்தார். ஒருநாள் அவரே, "அந்த ஜனங்க என்ன பண்ணினாங்க உன்னை? போய் வகுப்பை எடு" என்று விரட்டினார்.

போனேன். எல்லோரும் வந்திருந்தார்கள். அவளும் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் எழுந்து போனார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். பழைய இடம். அவள் முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் இந்தி கத்துக்கறியாக்கா? மறுபடி வந்தா அவ பேசறது உனக்கே புரியும்" என்றேன்.

"எனக்கு எதுக்கு இனிமே. சொல்ல வேண்டியத சொல்ட்டேன்." முழங்கையில் ஒட்டியிருந்த கல்தூளை நகத்தால் சுரண்டினாள். "அவளுக்குத்தான் எதுனா சொல்லணும்னு இருந்திச்சி டீச்சரம்மா. மூஞ்சைப் பாத்தாத் தெர்ல? என் பாஷை தெரிஞ்சிருந்தா எங்கிட்டயே சொல்லிருக்கும். உங்கிட்ட சொல்லிட்டுப் போச்சி."

தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்துப் பையில் போட்டேன்.

"அவ ஊர்ல உன்ன மாதிரி யாருனா இருப்பாங்களா? அவளுக்கு உக்காந்து தமிழ் சொல்லித் தர்றதுக்கு?"

"இருப்பாங்கக்கா" என்றேன். "நிச்சயமா இருப்பாங்க."

குரலை நன்றாகத்தான் வைத்திருந்தேன். முகத்தையும் வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷம் என் எதிரில் உட்கார்ந்து நடித்தவள். நான் எப்போது நடிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி, இருட்டிப்போச்சி, நீ கெளம்பு" என்றாள்.